நன்றிக்கு வைத்த கண்

“லைட்ட அணைம்மா, கண்ணு கூசுது” என்றாள் ஜெசி.

சகாயசெல்வி அரிசி களைந்த ஈரக் கையோடு அப்படியே நின்றாள். வீட்டில் லைட் எரியவில்லை. சாயங்காலம் அடித்த காற்றில் எங்கோ கம்பி அறுந்து தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது; அடுப்பின் நீலச் சுடரைத் தவிர வெளிச்சம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றுமில்லை. அதுவும் அடுக்களையோடு சரி. ஜெசி உட்கார்ந்திருந்த அறை கும்மிருட்டாகக் கிடந்தது. இதெல்லாம் போகட்டும், ஜெசிக்குக் கண்ணே தெரியாது. நாலு வயசில் அம்மை போட்டு, காய்ச்சல் தலைக்கேறி, இறங்கும்போது பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளைக்குப் பகலும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான்; அதற்கு முன் பார்த்த முகங்களும் நினைவில் இல்லை.

“எந்த லைட்டு தாயி?”

“மேல இருக்கே. வெள்ளையா, நீளமா.”

சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. தோசைக்கல்லில் கரண்டி சுரண்டும் சத்தமும் நல்லெண்ணெய் வாசமும் சுவரைத் தாண்டி வந்தன. மாமனார் கட்டிய ஒரே வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் மூத்தவன் ஆண்டனிராஜ், செல்வியின் வீட்டுக்காரன். நிலக்கோட்டையிலிருந்து பூ வண்டி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டான். அந்தப் பக்கம் இளையவன் கிறிஸ்துராஜ், துபாயில் வேலை. வீட்டில் அவன் பெண்டாட்டி ஐரினும் மகன் பிரபுவும்தான். அந்தப் பக்கத்துக்கு டைல்ஸ், இன்வெர்ட்டர். இந்தப் பக்கத்துக்குச் சிமென்ட் தரையும் மெழுகுவர்த்தியும். பரவாயில்லை என்று செல்வி வாயால் சொல்வாள். மனசு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் டைல்ஸைப் பொறுத்துக்கொள்ளலாம், இன்வெர்ட்டரையும் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது வேறு.

போன வருஷம் பிரபுவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ரொம்ப நம்ப வேண்டாம் என்றார். ஐரின் நேராகக் கண் நோய்க்கு ஊரே வேண்டிக்கொள்ளும் லூசியம்மாள் கோயிலுக்கு வந்தாள். பூசைக்கே பிரசங்கம் முடிந்த பிறகு வருகிறவள், மெழுகுவர்த்தியை எந்தப் பக்கம் ஏற்ற வேண்டும் என்று செல்வியிடம்தான் கேட்டாள். ஒரே ஒரு வர்த்தி. பீடத்து விளக்கின் எண்ணெயைத் தொட்டுப் பையனின் இமையில் ஒரு தடவல். அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, படலம் கரைந்துவிட்டது, மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார்.

“மருந்து வேலை செய்யும்னா அவரு ஏன் முன்னாடியே கைய விரிச்சாரு? இது லூசியம்மா செஞ்ச அற்புதம், புதுமை!” என்று செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் ஐரின் மைக்கில் சாட்சி சொன்னாள். கோயிலே கைதட்டியது. முன்வரிசையில் முழங்காலில் நின்ற செல்வியும் தட்டினாள், உள்ளங்கை வலிக்கும்வரை. ஃபாதர் மட்டும் மைக்கை வாங்கி நிதானமாகப் பேசினார். “புதுமைதான்னு அடிச்சுச் சொல்ல நான் யாரு? இல்லேன்னு சொல்லவும் நான் யாரு? நன்றி சொல்லுங்கம்மா, அது போதும்.”

ஐந்து வருஷச் செவ்வாய்க்கிழமைகள். ஒருசந்தி உபவாசம், வாசலிலிருந்து பீடம்வரை முட்டி தேய நடந்தது, காதுத் தோட்டைக் கழற்றி உண்டியலில் போட்டது, வாராவாரம் பீடத்துக்குப் பூ மாற்றுவது எல்லாம் செல்வி. புதுமை ஐரினுக்கு. அந்த லூசியம்மாள் கையில் தட்டு வைத்திருக்கிறாள், தட்டில் இரண்டு கண் வைத்திருக்கிறாள், அம்புட்டுக் கண் இருந்தும் ஆளைப் பார்த்துக் கொடுக்கத் தெரியவில்லையே என்று செல்வி மனசுக்குள் சாமியையே வைதாள்.

அந்தக் கோயிலில் இரண்டு வகைக் கண்கள் உண்டு. வாசல் தாம்பாளத்தில் கிடப்பவை தகரத்தில் செய்தவை. வேண்டுதல் உள்ளவர்கள் காணிக்கை போட்டு ஒரு ஜோடியை எடுத்து, நோயாளியின் இமையில் தொட்டு, லூசியம்மாள் சுரூபத்தின் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் அவை திரும்பத் தாம்பாளத்துக்கு வந்து அடுத்தவர் கைக்குப் போகும். பார்வை கிடைத்தவர்கள் வைப்பது வேறு. தட்டானிடம் சொல்லிப் புதிதாக வெள்ளியில் செய்து, ஃபாதர் மந்திரித்துக் கொடுத்ததும், சிவப்பு வெல்வெட்டில் குத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஐரினும் பிரபுவுக்காக அப்படி ஒரு ஜோடி வைத்திருந்தாள். நன்றிக்கு வைத்த கண்ணை யாரும் தொடக்கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

செல்விக்குத் தோன்றியது. பூ மாற்றுகிறவள் என்பதால் பெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தகரத்தை வைத்துக்கொண்டு எத்தனை காலம் மன்றாடுவது? கேட்டது கிடைத்த கண் இங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதே! சாமியிடமிருந்து எடுத்துச் சாமியிடமே கேட்பது திருட்டாகுமா என்று தன்னைத்தானே கேட்டு, ஆகாது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாடிய பூவை அள்ளும் சாக்கில் பிரபுவின் வெள்ளிக் கண்களைக் கழற்றி இடுப்பில் சொருகினாள். பக்கத்து ஜோடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததில் இடைவெளி தெரியவில்லை. சுரூபத்தின் தட்டிலிருந்த சுதைக் கண்கள் இரண்டும் அவளைப் பார்த்தபடியே இருந்தன. அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து, ஜெசி கழுத்தில் கயிற்றில் தொங்கும் உத்தரியத்தின், அந்த மந்திரித்த சின்னத் துணிப் பட்டையின், தையலைப் பிரித்து, உள்ளே வெள்ளிக் கண்களை வைத்து மறுபடி தைத்துவிட்டாள்.

இன்று பிள்ளைக்குக் கண் கூசுகிறது.

செல்வி இருட்டில் முட்டி இடறி ஓடிப்போய் ஜெசியின் முன்னால் மண்டியிட்டாள். “என்னைப் பாருடி. என் மூஞ்சி தெரியுதா?”

“செத்த இரும்மா… ஒரு தட்டு தெரியுது. தட்டுல தோசை. ஒரு கை அதப் பிக்குது.” ஜெசியின் முகம் செல்வியின் பக்கம் இல்லை, சுவரின் பக்கம் இருந்தது. “அந்தா… ஒரு பொம்பள. காதுல செவப்புக் கல்லு. பல்லு வரிசையா இருக்கு. என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க.” பிள்ளையின் குரல் உடைந்தது. “அம்மா, நீயா அது? அம்புட்டு அழகா இருக்கியேம்மா!”

செல்வியின் கை தானாகக் காதுக்குப் போனது. தோட்டை உண்டியலில் போட்ட நாளிலிருந்து துளை தூர்ந்துவிடாமலிருக்க அதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐரின் எதற்கோ சிரித்தாள். அதே நொடியில் ஜெசியும் சிரித்தாள். கரண்ட் வந்து வீடெல்லாம் பளிச்சென்று எரிந்தபோதும் பிள்ளை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமாடி” என்றாள் செல்வி. “நான்தான்.”

அதன் பிறகு ஜெசி சுவரை விட்டு நகரவில்லை. காலையில் எழுந்தால் சுவர். ரேடியோவும் வேண்டாம், பக்கத்தில் விளையாட ஆளும் வேண்டாம். சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவருக்கு ஒரு சாண் தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கரும்பலகை, பஸ் ஜன்னலில் ஓடும் மலைக்கோட்டைப் பாறை, ஆயக்குடிக் கொய்யாவை அறுத்தால் உள்ளே இருக்கும் சிவப்பு என்று பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வி அடுப்படியில் கத்தரிக்காய் வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். சந்தோஷப்பட முயன்றாள். முடியவில்லை. ஏனென்றால் எல்லாக் காட்சியும் கடைசியில் அந்த ஒரு முகத்தில்தான் வந்து நின்றது.

“அம்மா, இன்னைக்கு நீலச் சேலை நல்லாருக்கும்மா.”

செல்வி சாயம்போன பழுப்பு நைட்டியில் இருந்தாள்.

“அம்மா, தலைக்கு ஊத்திருக்கியா? முடி எம்புட்டு நீளம்!”

கரண்டி கைதவறி விழுந்தது. ஐந்து வருஷம் பீ மூத்திரம் அள்ளி, குளிப்பாட்டி, கைபிடித்து நடத்தி, ராத்திரி ராத்திரியாக நெற்றியில் சிலுவை வரைந்து படுக்கவைத்தவள் இங்கே நிற்கிறாள். முகம் மட்டும் அவளுடையது! ஒரு வர்த்தி ஏற்றியவளுடையது! செல்விக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே மிளகாயை அரைத்துத் தடவினாற்போல எரிந்தது.

“அது நான் இல்லடி” என்று கத்திவிட்டாள். “அது ஒஞ் சித்தி. ஐரினு. நீ பாக்குறது பிரபு பாக்குறத.”

ஜெசி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “அப்ப நீ எப்பிடி இருப்பம்மா?”

செல்வி விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் ஐரின் பொதுப் பின்வாசல் வழியாக வந்தபோது முகம் வெளிறியிருந்தது. சிவப்புக்கல் தோடு மட்டும் மின்னியது. “அக்கா, பிரபு கண்ணை மூடாமத் தூங்குறான்க்கா. தூங்குறான், மூச்சு வருது, கண்ணு மட்டும் தொறந்தே இருக்கு. கையால மூடிவிட்டாலும் திரும்பத் தொறந்துக்குது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவன் என்னையப் பாக்குறப்ப அவன் பாக்குற மாதிரி இல்லக்கா. வேற யாரோ உள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு.”

“டாக்டர்ட்ட காட்டுனியா?”

“கண்ணு நல்லாருக்குங்கிறாரு. நீங்க வேண்டிக்கிருங்கக்கா. நீங்க சொன்னா லூசியம்மா கேப்பாங்க.”

செல்விக்குத் தொண்டையில் இனிப்பு ஊறியது. இப்படி ஒரு பிள்ளை கிடக்கும்போது அப்படி ஊறக்கூடாது என்று தெரிந்தும் ஊறியது. இத்தனை நாள் கழித்து ஐரின் தன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். “வேண்டிக்கிறேன்” என்றாள். அவள் போன பிறகு திரும்பினால், ஜெசி சுவரைப் பார்த்தபடி இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ராத்திரி பிரபு கண்ண மூடிட்டா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதும்மா” என்றாள் ஜெசி. “அதான் மூடாதன்னு சொல்லிவச்சேன். நான் சொன்னா கேக்குறான்.”

செல்வியின் தொண்டையிலிருந்த இனிப்பு எங்கேயோ போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. நிலக்கோட்டை மல்லிகை ஒரு பை நிறைய வந்திருந்தது. ஆண்டனிராஜ் விடியலில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருந்தான். பொழுது சாயும் நேரத்தில் செல்வி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். நவநாள் மணி அடிப்பதற்குள் போக வேண்டும். உத்தரியத்தைப் பிரித்து, வெள்ளிக் கண்களை எடுத்து, பூ மாற்றும் சாக்கில் பெட்டியில் குத்திவிட வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஜெசிக்கும் பழையபடி ஆகிவிடும் என்பதை அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

கழுத்துக் கயிற்றில் கை பட்டதும் ஜெசி இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தாள். “எடுக்கப் போறியாம்மா?”

“அது நம்மளது இல்ல தாயி.”

“ஒன்னைய இன்னும் பாக்கலையேம்மா.” ஜெசி அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “சித்திய எம்புட்டோ தடவ பாத்துட்டேன். ஒன்னைய ஒரு தடவகூடப் பாக்கல. ஒரே ஒரு தடவ. நான் சொன்னா வருவான்.”

“யாரு வருவா?”

“பிரபு. உள்ள இருந்து தள்ளணும். தள்ளுனா நடப்பான்.”

வெட்டியிருக்க வேண்டும். அந்த நொடியில் வெட்டியிருந்தால் போதும். செல்வி கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். பழைய கண்ணாடியில் மங்கலாகத் தன் முகம் தெரிந்தது. ஒட்டிய கன்னம். வேப்பங்குச்சி. அதற்குப் பக்கத்தில் மனசு தானாகவே இன்னொரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தது, வரிசைப் பல்லும் சிவப்புக் கல்லுமாக. இதை இப்படியே விட்டால் ஆயுசு முழுக்கப் பிள்ளை மனசில் அம்மா என்றால் அந்த முகம்தான்.

“செத்த இரு” என்றாள்.

பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டு. பாச்சா உருண்டை வாசம். அவசரமாகச் சுற்றிக்கொண்டாள். பவுடர் போட்டாள். வேப்பங்குச்சிகளைப் பிடுங்கினாள். பையில் கை விட்டு லூசியம்மாளுக்கு வைத்திருந்த மல்லிகையிலிருந்து ஒரு முழம் கிள்ளித் தன் தலையில் வைத்தாள். பின்வாசலைப் பார்த்த ஜன்னலைத் திறந்து, பிள்ளை பார்த்ததும் வெட்டிவிடக் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, சாயங்கால வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றாள்.

“வரச் சொல்லு.”

ஜெசி மூச்சை உள்ளே இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உத்தரியத் துணிக்குள் ஏதோ மெல்ல அசைந்ததுபோல் இருந்தது. செல்வி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது.

வெறுங்கால் சத்தம். மண்ணில் இழுத்து இழுத்து. நின்றது. மறுபடி இழுத்தது. துவைகல்லில் எதுவோ மோதியது. வலித்ததாக ஒரு சத்தமும் இல்லை. மறுபடி கால்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முதலில் தலைமுடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு கண்கள்.

விரியத் திறந்த கண்கள். வெள்ளையெல்லாம் இரத்தமாகச் சிவந்து, ஓரம் பொருக்குத் தட்டிக் காய்ந்து. இமைக்கவில்லை. ஒரு ஈ வந்தது. இடது கருமணியின்மேல் உட்கார்ந்தது. நடந்தது. இமை அசையவில்லை.

“தெரியுதும்மா!” பின்னாலிருந்து ஜெசியின் குரல். “தெரியுது!”

“பெரியம்மா” என்றான் பிரபு. உதடு மட்டும் அசைந்தது. “கண்ண மூட முடியல பெரியம்மா. எரியுது.”

கோயில் மணி அடித்தது. கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. உத்தரியக் கயிறு எட்டும் தூரம். ஒரு வெட்டு. ஒரே வெட்டு.

“ஏம்மா அழுவுற?” என்றாள் ஜெசி. “நல்லாத்தான் இருக்க. சித்தியவிட நல்லாருக்க.”

செல்விக்குக் கை நின்றுவிட்டது.

“பிரபு! ஏலே பிரபு, எங்கடா போன?” சுவருக்கு அந்தப் பக்கம் ஐரினின் குரல் ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு வந்தது. பையனின் கீழுதடு நடுங்கியது. ஈ எழும்பிப் போய் வலது கண்ணில் உட்கார்ந்தது.

“செத்த சிரிம்மா” என்றாள் ஜெசி.

சகாயசெல்வி கத்தரிக்கோலை ஜன்னல் திட்டில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலைப் பூவைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டாள். கம்பிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி, அந்தக் காய்ந்த கண்களுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.